மெயின் கப்பலின் கொடிமரத்தடியில்

போன மே மாதக் கடைசியில், போரில் இறந்த அமெரிக்க வீரர்களை நினைக்கும் மெமோரியல் டே விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை, அப்பாவை ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். வர்ஜீனியாவில் எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோ ரயிலில் முக்கால் மணி நேரம். "கல்லறையப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்" என்று கேட்பார் என நினைத்திருந்தேன். கேட்கவில்லை. தொப்பி, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் பேனாவும் சின்ன டைரியும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், செருப்பை மாட்டிக் கிளம்பிவிட்டார்.

அப்பா தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி நிலக்கரிப் பிரிவில். கப்பலில் வந்து இறங்கும் கரி கன்வேயரில் ஏறும், யார்டில் மலையாகக் குவியும், கரியைச் சேர்த்துவைக்கும் பங்கருக்குப் போகும், மில்லில் மாவாகி பாய்லருக்குள் பாயும். இந்த வழி முழுக்க அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அன்றைக்கு அவரோடு போயிருக்காவிட்டால் மெயின் கப்பலின் நினைவுச்சின்னத்தை நானும் மற்றவர்களைப் போலப் படம் எடுத்துவிட்டுக் கடந்திருப்பேன்.

ஆர்லிங்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் கென்னடி சமாதியில் எரியும் சுடரைப் பார்ப்பார்கள். மேட்டில் ஏறி, பெயர் தெரியாத போர்வீரர் சமாதியில் காவலர் மாறும் சடங்கைப் பார்ப்பார்கள். அப்புறம் வெயிலுக்குப் பயந்து இறங்கிவிடுவார்கள். நாங்களும் அந்தச் சடங்கைப் பார்த்தோம். கூட்டம் கலைந்ததும் சமாதியை ஒட்டிய அரங்கத்தின் மறுபக்கம் வந்து ரோட்டைப் பார்த்தபோதுதான் அப்பா கையை நீட்டினார்.

"அங்கன என்னம்மா, கப்பல் கொடிமரம் மாதிரி நிக்கி?"

கொடிமரம் மாதிரி இல்லை, கொடிமரமேதான். கடல் கண்ணுக்கெட்டாத ஒரு மேட்டில், ஓக் மரங்களுக்கு மேலே, ஒரு போர்க்கப்பலின் இரும்புக் கொடிமரம் நிற்கிறது. நடுவில் மாலுமிகள் ஏறி நின்று பார்க்கும் வட்டத் தட்டு அப்படியே இருக்கிறது. மேலிருந்து கம்பிவடங்கள் நாலாபக்கமும் இறங்குகின்றன. அடியில் பீரங்கி மேடை வடிவத்தில் வட்டமான கருங்கல் கட்டடம். கதவில் கப்பலின் உடைந்த மணியில் ஒரு பாதி பதித்திருக்கிறது. சுவரைச் சுற்றிலும் பெயர்கள். அமெரிக்கப் போர்க்கப்பல் மெயின், 1898 பிப்ரவரி 15, ஹவானா.

எதிரே, நங்கூரம் ஒன்று வைத்திருக்கும் இடத்தைச் சுற்றி, வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். மெமோரியல் டேவுக்கு முன்பு ராணுவத்தினர் வந்து ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் சின்னக் கொடி ஒன்று நடுவார்கள். கல்லிலிருந்து ஒரு பூட்ஸ் நீளம் அளந்து நடுவது வழக்கம். அதனால் எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் கொடிகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். அப்பா குனிந்து ஒரு கல்லைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். அதற்கடுத்ததையும். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் ஒரே எழுத்துல்லா இருக்கு?"

'அன்னோன்'. பெயர் தெரியாதவர். மெயின் கப்பலைச் சேர்ந்த 229 பேர் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களில் 62 பேரைத்தான் அடையாளம் தெரியும். மீதி 167 பேர் யார் யாரென்று தெரியாது. சுவரில் பெயர்கள் இருக்கின்றன, மண்ணில் உடல்கள் இருக்கின்றன. எந்தப் பெயர் எந்த உடலுக்கு என்று சொல்ல ஆள் இல்லை.

மெயின் ஹவானா துறைமுகத்துக்குள் வந்து நின்றது 1898 ஜனவரி 25 அன்று. கியூபா அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. கியூப மக்கள் விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் கலவரம் வந்தால் அங்கிருக்கும் அமெரிக்கர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக் கப்பலை அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரம் அது துறைமுகத்தில் சும்மா நின்றது. 350 பேருக்கு மேல் கப்பலில் இருந்தார்கள். அயர்லாந்து, ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா என்று எங்கெங்கோ பிறந்தவர்கள். கறுப்பினத்தவர்கள் இருந்தார்கள். சமையலறையிலும் உணவு பரிமாறுவதிலும் ஜப்பானியர்கள் சிலர் இருந்தார்கள். கப்பலுக்கென்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. 1897இல் கடற்படைச் சாம்பியன் பட்டம் வாங்கிய அணி. அவர்கள் செல்லமாக வளர்த்த ஆட்டோடு எல்லோரும் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் இன்றும் கிடைக்கிறது. பந்து வீசியவர் வில்லியம் லாம்பர்ட் என்ற கறுப்பின இளைஞர். கப்பலில் அவருடைய வேலை பாய்லர் அடுப்புக்குத் தீ போடுவது.

பிப்ரவரி 15 இரவு. காற்றே இல்லாத புழுக்கம். கப்பல் தலைவர் சார்ல்ஸ் சிக்ஸ்பி பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு மேல் நியூட்டன் என்ற ஊதுகொம்புக்காரர் 'டாப்ஸ்' வாசித்தார். விளக்கணைத்துப் படுங்கள் என்று சொல்லும் மெட்டு அது. 24 ஸ்வரம்தான். அந்த அமைதியில் அது அவ்வளவு அழகாக இருந்ததால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதாக சிக்ஸ்பி பின்னால் எழுதினார். 9.40க்குக் கப்பலின் முன்பகுதி வெடித்தது. முன்பக்கத்து வெடிமருந்து அறைகளில் இருந்த 5 டன்னுக்கும் மேற்பட்ட மருந்து ஒரே சமயத்தில் போனது.

எங்கள் ஊர்க் கடற்கரையில் கப்பலின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் சொல்வார்கள். மெயினில் அதிகாரிகளின் அறைகள் அமரத்தில். சாதாரண மாலுமிகள் தூங்கியது அணியத்தில், வெடிமருந்துக்கு மேலே. அதனால் செத்தவர்கள் 260க்கும் மேல் என்றால், அவர்களில் அதிகாரிகள் இரண்டே பேர். பேஸ்பால் அணியில் ஒருவரைத் தவிர எல்லோரும் போனார்கள். லாம்பர்ட் போனார். டாப்ஸ் வாசித்த நியூட்டனும் போனார்.

இதையெல்லாம் நான் ஃபோனைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அப்பா கருங்கல் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். ஒரு சுற்று முடிந்ததும் நின்றார்.

"இது கரியில ஓடுன கப்பலாம்மா?"

"ஆமாப்பா."

"பங்கரு எங்கன இருந்துச்சு? மருந்து ரூமுக்குப் பக்கத்துலயா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை. கப்பலின் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். அந்தக் காலத்தில் பக்கவாட்டுச் சுவரை ஒட்டிக் கரி அறைகளை வைத்தார்கள். எதிரியின் குண்டு பாய்ந்தால் கரிக்குவியல் தாங்கும் என்ற கணக்கு. முன்பகுதியில் ஏ-16 என்ற கரி பங்கர். அதற்கு அடுத்த அறை, 6 அங்குல பீரங்கிகளுக்கான வெடிமருந்துக் கிடங்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புச் சுவர்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் ஒரு பெஞ்சைத் தேடி உட்கார்ந்தார்.

"கரி தீப்புடிக்கதுக்குத் தீக்குச்சி வேண்டாம்மா. காத்தும் நாளும் போதும்."

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரி என்னால் எழுத முடியாது. கரி, காற்று பட்டாலே மெதுவாகச் சூடேறும். மெல்லிசாகப் பரப்பிக் கிடந்தால் அந்தச் சூடு போய்விடும். குவியலாகக் கிடந்தால் போக வழியில்லை. உள்ளேயே சேர்ந்து சேர்ந்து ஒருநாள் கனலாகிவிடும். மேலே பார்த்தால் கறுப்பு மலை, உள்ளே சிவந்து கிடக்கும். யார்டில் டோசரை ஏற்றி இறக்கிக் குவியலை நெரிப்பது காற்று புகாமல் இருக்கத்தான். விடிகாலையில் போய் நின்றால் எந்தக் குவியலில் இருந்து ஆவி வருகிறது என்று தெரியும். சந்தேகமாக இருந்தால் நீளக் கம்பி ஒன்றைக் குவியலுக்குள் சொருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்களாம். அப்பா அதைச் செய்து காட்டினார். வலது கையில் இல்லாத கம்பியைப் பிடித்து உருவி, இடது புறங்கையை அதன்மேல் வைத்து, சடாரென்று இழுத்துக்கொண்டார். அந்தக் கையில் பழைய தழும்பு ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஏனென்று ஒருநாளும் கேட்டதில்லை.

"யார்டுல எரிஞ்சா புகை தெரியும். மூடுன பங்கருல எரிஞ்சா நமக்கு மணந்தான் சொல்லணும். செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குங்கதுதான் விஷயம்."

ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் 1976இல் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் வந்தார். அமெரிக்காவின் அணுசக்திக் கடற்படையை உருவாக்கியவர் அவர். பழைய ஆவணங்களையும் படங்களையும் நிபுணர்களிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். பங்கரில் கரி தானாகப் பற்றி, அந்தச் சூடு சுவரைத் தாண்டி மருந்துக்குப் போயிருக்க வேண்டும் என்றது அவர் குழு. அந்தக் காலத்து வேறு பல போர்க்கப்பல்களிலும் கரி பங்கர்கள் இப்படிப் பற்றியிருக்கின்றன. மெதுவாக எரியும் கெட்டிக் கரியை விட்டுவிட்டு, சீக்கிரம் சூடு தரும் ஆனால் எளிதில் தானே பற்றும் கரிக்குக் கடற்படை மாறியிருந்தது. சரி, எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. 1898இலும் 1911இலும் நடந்த இரண்டு அரசு விசாரணைகளும் வெளியிலிருந்து கண்ணிவெடி வைக்கப்பட்டது என்றுதான் சொல்லின. யார் வைத்தது என்று 1898 விசாரணை சொல்லவில்லை. ரிக்கோவருக்குப் பிறகும் கண்ணிவெடியாக இருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் அப்பாவிடம் சொன்னேன்.

"இருக்கலாம்மா. நான் அங்கன இல்லல்லா. ஆனா என்னயக் கூப்புட்டிருந்தா மொதல்ல பங்கரத்தான் பாத்திருப்பேன்."

என் மனசை அறுப்பது இந்த இடம்தான். யாரும் முதலில் பங்கரைப் பார்க்கவில்லை. கப்பல் மூழ்கிய அந்த இரவிலேயே, தன் ஆட்களின் அலறலைக் கேட்டுவிட்டு வந்த சிக்ஸ்பி வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்தியில், முழு விவரம் வரும் வரை மக்கள் எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரைவிட ஆத்திரப்பட உரிமை உள்ளவர் யார்? அவரே பொறுக்கச் சொன்னார். ஸ்பெயினின் போர்க்கப்பலிலிருந்து படகுகள் வந்து அமெரிக்க மாலுமிகளைத் தண்ணீரிலிருந்து தூக்கின. ஹவானாவில் ஸ்பானிய அதிகாரிகளே இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். தெரு முழுக்க ஜனம் நின்றது. ஆனால் நியூயார்க் பத்திரிகைகளுக்குப் பொறுமை இல்லை. குற்றவாளியைக் காட்டுகிறவருக்கு 50,000 டாலர் பரிசு என்று வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் பத்திரிகை அறிவித்தது. 'மெயினை மறக்காதே, ஸ்பெயின் நாசமாகட்டும்' என்ற கோஷம் ஊரெல்லாம் பரவியது. ஏப்ரல் 25 அன்று போர் அறிவிப்பு. நடுவில் கழிந்தது 69 நாள்.

மெயினை மறக்காதே என்றார்கள். கப்பலின் பெயரைத்தான் மறக்கவில்லை. இந்த 167 பேரில் ஒருவரின் பெயரையாவது அந்தக் கோஷம் போட்டவர்களால் சொல்ல முடிந்திருக்குமா? ஹவானாவில் அடக்கம் செய்த உடல்கள் அங்கே கொலோன் கல்லறையில் கிடந்தன. போர் தொடங்கி, முடிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்து, 1899 டிசம்பர் 28 அன்றுதான் இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தன. கப்பலிலேயே சிக்கியவர்கள் இன்னும் காத்திருந்தார்கள். துருப்பிடித்த கப்பல் துறைமுகத்தில் 13 வருஷம் அப்படியே நின்றது. போகிற வருகிற கப்பல்களுக்கு அது ஒரு இடைஞ்சல். 1911இல் ராணுவப் பொறியாளர்கள் அதைச் சுற்றி இரும்புத் தகடுகளால் அணை கட்டித் தண்ணீரை இறைத்தார்கள். சேற்றுக்குள் இன்னும் 60க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அவர்கள் 1912 மார்ச் 23 அன்று இங்கே வந்தார்கள். கப்பலின் மிச்சத்தைக் கடலுக்கு இழுத்துப் போய், மார்ச் 16 அன்றே ஆழத்தில் மூழ்கடித்துவிட்டிருந்தார்கள். கொடிமரத்தையும் மணி போன்ற சில பாகங்களையும் எடுத்து வைத்தார்கள்.

கட்டடத்தை வடிவமைத்தவர் நேதன் வயத், வெள்ளை மாளிகையில் ஓவல் ஆபீஸை முதலில் வடிவமைத்தவர். 1915 மெமோரியல் டே அன்று ஜனாதிபதி வுட்ரோ வில்சன் திறந்துவைத்தார். வாசலின் இரு பக்கமும் வெண்கல மார்ட்டர் பீரங்கிகள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றியவை. கியூபாவில் வெடித்த கப்பலுக்குப் பிலிப்பைன்ஸ் பீரங்கி எதற்கு என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கியூபாவுக்காக என்று தொடங்கிய போர் பிலிப்பைன்ஸிலும் நடந்தது, முடிவில் அந்த நாடே கைமாறியது. புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அப்படித்தான். பிலிப்பைன்ஸ் மக்கள் ஒத்துக்கொள்ளாமல் 1899இல் சண்டைக்கு வந்தார்கள். சண்டையிலும் பஞ்சத்திலும் நோயிலுமாக அங்கே சுமார் 2 லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். அவர்களுக்கு இங்கே கல் இல்லை.

ஆனால் அந்த நாட்டவர் ஒருவர் இந்தக் கொடிமரத்துக்குள் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். அதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். மனுவேல் கேஸோன். வாலிபத்தில் அமெரிக்காவை எதிர்த்துச் சண்டை போட்டவர். பின்னால் பிலிப்பைன்ஸின் ஜனாதிபதி. ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்ததும் அமெரிக்காவில் தங்கி அரசு நடத்தியவர், 1944 ஆகஸ்டில் இங்கேயே இறந்தார். சொந்த மண்ணுக்குத் திரும்பும் வரை உடலை எங்கே வைப்பது? இந்த வட்டக் கட்டடத்துக்குள்தான் வைத்தார்கள். எந்தக் கப்பல் வெடித்ததைச் சாக்காக வைத்து அவர் நாட்டைப் பிடித்தார்களோ, அதே கப்பலின் கொடிமரத்தடியில், 1946இல் நாடு விடுதலையாகும் வரை படுத்திருந்தார். அதற்கு முன்பே போலந்தின் பியானோ மேதையும் முன்னாள் பிரதமருமான பதெரெவ்ஸ்கி அங்கே வந்துவிட்டார். 1941இல் வைத்தது. போலந்து விடுதலையாகும் வரை இருக்கட்டும் என்றார் அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட். அது ஆக 51 வருஷம் பிடித்தது. 1992இல்தான் அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்.

"ஊருக்குப் போறதுக்கு எல்லாரும் இங்கன காத்துக் கெடந்திருக்காவ" என்றார் அப்பா, கதவில் இருந்த பாதி மணியைப் பார்த்தபடி. கதவு பூட்டியிருந்தது.

அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஊதுகொம்புச் சத்தம் வந்தது. பெயர் தெரியாத வீரர் சமாதியில் யாரோ மலர்வளையம் வைக்கிறார்கள். அங்கே நாள் முழுக்க இது நடக்கும். டாப்ஸ். அப்பாவுக்கு அது என்ன மெட்டு என்று தெரியாது. "இதத்தான் அந்தப் பையன் வாசிச்சானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது கற்களுக்கு நடுவில் நடந்தோம். ஒரு கொடி சாய்ந்து கிடந்தது. அப்பா குனிந்து அதை எடுத்தார், கல்லில் குதிகாலை ஒட்டி வைத்தார், கால் விரல் முடியும் இடத்தில் கொடியை ஊன்றினார். அவர் செருப்பு சிப்பாய் பூட்ஸைவிடச் சின்னது. வரிசையிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி நின்றது அந்தக் கொடி.

ரயிலில் அவர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடிந்ததும் டைனிங் டேபிளில் டைரியைத் திறந்தார். ஷிப்டில் இருந்த காலத்துப் பழக்கம் அது. வேலைக்குப் போகும்போது லாக் புக்கில் எழுதுவார், ஓய்வு பெற்ற பிறகு இந்த டைரியில். எட்டிப் பார்த்தேன். அதே லாக் புக் வடிவம்தான்.

தேதி: 15.2.1898. நேரம்: இரவு 9.40. இடம்: மெயின் கப்பல், ஹவானா. சம்பவம்: வெடிப்பு. காரணம்: பங்கர் ஃபயர் (?)

கேள்விக்குறியை இரண்டு முறை அழுத்தி எழுதியிருந்தார். அதற்குக் கீழே 'பணியில் இருந்தவர்கள்' என்று எழுதி, அடியில் கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த லிஸ்ட எடும்மா. கரி அள்ளுனவங்க, அடுப்புக்குத் தீ போட்டவங்க, அவங்க பேர மொதல்ல சொல்லு."

ஃபோனை எடுத்தேன். "வில்லியம் லாம்பர்ட்" என்றேன். அப்பா எழுத்துக் கூட்டித் தமிழில் எழுதினார். ஃபயர்மேன் என்று பக்கத்தில் குறித்தார். அடுத்த பெயர். அதற்கடுத்தது. பதினோரு மணிக்கு நான் தூக்கம் வந்து எழுந்தபோது அவர் மூன்றாவது பக்கத்தில் இருந்தார், நாளைக்கு மீதியைச் சொல் என்றார்.